போகாஷி வாளி: வாங்குமுன் மண்ணை அளந்து பாருங்கள்

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் நாலு குடும்பம் சேர்ந்து காய்கறி போடலாம் என்று பேச்செடுத்தாலே, உரத்துக்கு என்ன வழி என்ற கேள்வி வந்துவிடும். அதற்கு இப்போது பெரும்பாலானோர் கைகாட்டுவது, சமையலறைக் கழிவைக் காற்றுப் புகாமல் புளிக்க வைக்கும் போகாஷி வாளியை. குழாய் வைத்த 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளி இரண்டு, நுண்ணுயிர் ஏற்றிய தவிடு ஒரு பொட்டலம், அமுக்குவதற்கு ஒரு தட்டு. இணையக் கடைகளில் ‘செட்’ என்று விற்பது பெரும்பாலும் இதுதான்.

பொருள் நல்ல பொருள். சமைத்த சோறு, மீன் தலை, கெட்டுப்போன சாம்பார்க் காய் என்று சாதாரண மக்குக் குழியில் போடக் கூடாத எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். மூடியைச் சரியாக அழுத்தி மூடினால் வீட்டுக்குள் வாடை வராது. ஆனாலும் வாளி பாதிக் கருவிதான். மீதிப் பாதி மண். அந்த மண் எங்கே இருக்கிறது, எத்தனை மீட்டர் இருக்கிறது என்று பார்க்காமல் இருபது வீட்டுக்கும் மொத்தமாக வாங்கிவிட்டால், மூன்றாவது மாதம் நிரம்பிய வாளிகள் மாடிப்படிக்கு அடியில் வரிசை கட்டி நிற்கும். அதனால் இந்த மதிப்பீட்டில் வாளியைவிட, அதில் புளித்ததைப் புதைக்கும் பள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வாளிக்குள் குப்பை மக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது ஊறுகாய் போடுகிற வேலை. காற்றுப் புகாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அமிலம் ஏறிவிட்டால் அழுக வைக்கும் கிருமிகள் தலைதூக்க முடியாது. 1980களில் ஒக்கினாவாவில், ரியூக்யூ பல்கலைக்கழகத்தின் தேருவோ ஹிகா உருவாக்கிய ‘இ.எம்.’ என்ற நுண்ணுயிர்க் கலவையைத்தான் இன்று விற்கிற தவிட்டில் பெரும்பாலும் ஏற்றுகிறார்கள்.

வாளி நிரம்பி, மூடி, இரண்டு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். தக்காளி தக்காளியாகவே இருக்கும். வாழையிலைத் துண்டு பச்சை போய்ப் பழுப்பாகியிருக்கும், கிழியாது. மேலே அங்கங்கே பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருக்கும். நன்றாகப் புளித்த தோசை மாவும் மாங்காய் ஊறுகாயும் ஒன்றாகச் சேர்ந்தால் வரும் வாடை வரும். இது வெற்றி. சாக்கடை வாடையோ அழுகிய முட்டை வாடையோ அடித்தாலும், கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தாலும் அந்த வாளி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைப் பாத்தியில் போடாதீர்கள். ஒதுக்குப்புறமாக முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, இரண்டு கைப்பிடித் தவிட்டைத் தூவி, புதைத்து விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் அந்த இடமும் சரியாகிவிடும்.

உரம் என்பது இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வாளியிலிருந்து வெளிவருவது உருமாறாத, அமிலம் ஏறிய உணவு. மண்ணுக்குள் போய், மண்புழுவும் மண்ணின் நுண்ணுயிர்களும் கைவைத்த பிறகே அது உரமாகும். விற்பவர்கள் பலர் விளம்பரத்தில் சொல்லாமல் விடுவது இந்த இரண்டாவது கட்டத்தைத்தான்.

வாளி இந்த நகரத்துக்கு ஏன் பொருந்துகிறது என்றால், உணவுக் கழிவைத் தனியாக வாங்கிப்போக வீட்டு வாசலுக்கு யாரும் வருவதில்லை. 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப்போட வேண்டும் என்ற விதி இருந்தாலும், மறுசுழற்சிப் பொருளுக்கு வாரம் ஒரு நாள், மீதிக் குப்பைக்கு இரண்டு நாள் என்பதுதான் ஏற்பாடு. சோறும் மீன் முள்ளும் அந்த மீதிக் குப்பைக்குள் போகின்றன. அங்கிருந்து ஜின்ஜாங் தாமான் பெரிங்கினில் குப்பையை லாரி மாற்றி ஏற்றும் நிலையம், பிறகு உலு சிலாங்கூரில் புக்கிட் தாகார் குப்பை நிலம். நம் வீட்டுக் குப்பையில் கிட்டத்தட்டப் பாதி உணவுதான். லாரி வராத மூன்று நாளில் கீழ்த்தளக் குப்பை அறையில் ஈயும் எலியும் சேர்வதற்கும் அந்தப் பாதிதான் காரணம்.

இப்போது வாளிக்கு வருவோம். கடை வாளியில் பார்க்க வேண்டியவை மூடியும் குழாயும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அழுத்தும்போது நாலு பக்கமும் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். வெறுமனே கவிழ்த்து வைக்கும் மூடி என்றால் வேண்டாம். காற்று போகிற இடத்தில் ஈ முட்டையிடும், நான்காம் நாள் புழு நெளியும். குழாய்தான் இந்தச் செட்டின் பலவீனமான இடம். சல்லடைத் தட்டின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். அதன் வழியாகச் சோற்றுப் பருக்கை இறங்கிக் குழாயின் வாயில் பசைபோல் அடைத்துக்கொள்ளும். பிறகு வடிநீர் இறங்காது, அடிப்பகுதி நீரில் ஊறி அழுகும், வாடை வரும். தட்டுக்கு மேல் ஒரு கைப்பிடித் தேங்காய் நாரைப் பரப்பிவிட்டுத் தொடங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். குழாயை மாட்டும் இடத்தில் வாஷர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய அன்றே தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு செய்தித்தாள் மேல் வைத்துவிட்டால் கசிவு காலையில் தெரிந்துவிடும்.

சமூகத் தோட்டம் மொத்தமாக வாங்குவதாக இருந்தால் கடை வாளியைவிட இரட்டை வாளியே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளிலும் பேக்கரிகளிலும் மாவு, சாஸ், ஊறுகாய் வந்த 18, 20 லிட்டர் வாளிகள் மூடியோடு கிடைக்கும். ஒன்றுக்குள் ஒன்றை இறக்குங்கள். உள்வாளியின் அடியில் 5 மில்லிமீட்டர் துளை ஒரு 25 போடுங்கள். வடிநீர் வெளிவாளியில் இறங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்வாளியைத் தூக்கிவிட்டுக் கொட்டினால் போதும். அடைக்கக் குழாய் இல்லை, கசிய வாஷர் இல்லை. பெயின்ட் வாளியை மட்டும் எடுக்காதீர்கள், சாப்பிடும் காய்க்குப் போகிற உரம் இது. 60 லிட்டர் நீல பீப்பாய் வாங்கினால் வேலை மிச்சம் என்று சிலர் நினைப்பார்கள். நிரம்பினால் 40 கிலோவுக்கு மேல் வரும். மழையில் வழுக்குகிற சரிவில் அதை இரண்டு பேர் தூக்குவது இடுப்புக்கு ஆபத்து.

தவிட்டில்தான் காசு தொடர்ந்து கரையும். ஒரு கிலோ கழிவுக்குச் சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ பிடிக்கும் வாளிக்கு 400 கிராம். ஒரு கிலோ பொட்டலம் இரண்டரை வாளிக்குத்தான் வரும். செட்டின் விலை மலிவாக இருந்தாலும் தவிட்டின் கிலோ விலையைப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தால் இனிப்பும் புளிப்புமான வாடை வர வேண்டும். தயாரித்த தேதி இல்லாதது, சிக்கு வாடை அடிப்பது, கட்டிகட்டியாகப் பச்சை பிடித்தது எதுவும் வேண்டாம். கையில் எடுத்தால் உமிதான் அதிகம் தெரிகிறது என்றாலும் வைத்துவிடுங்கள். உமியில் நுண்ணுயிர் தின்பதற்கு ஒன்றும் இல்லை.

பத்து வீட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால் தவிட்டை நீங்களே தயாரிப்பதுதான் கட்டுப்படியாகும். கோழித் தீவனக் கடையில் நெல் தவிடு மூட்டையாகக் கிடைக்கும். ‘டெடாக் பாடி’ என்று கேளுங்கள். 10 கிலோ தவிட்டுக்கு இ.எம். 100 மில்லி, மொலாசஸ் என்ற கரும்புப் பாகு 100 மில்லி, தண்ணீர் 3 லிட்டர் அளவு. குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் குறையும். முதலில் மொலாசஸைத் தண்ணீரில் கரைத்து, இ.எம். ஊற்றி, தவிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வடியக் கூடாது. தண்ணீர் கூடினால் நடுவில் அழுகும். கனமான பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு நிழலிலேயே உலர்த்தி எடுத்துவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கோலாலம்பூர் ஈரப்பதத்தில் உலர்த்துவதுதான் சிரமம். மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் பரப்பிவைக்க இடம் வேண்டும். அந்த வசதி இல்லை என்றால் உலர்த்தாமல் சிறு பைகளில் இறுக்கிக் கட்டி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இ.எம். புட்டி வாங்கப் பிடிக்காதவர்களுக்கு வீட்டு வழியும் இருக்கிறது. அரிசி கழுவிய முதல் தண்ணீரை மெல்லிய துணி கட்டி மூன்று நாள் வைத்துப் புளிக்கவிடுங்கள். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் ஊற்றி மூடிவைத்தால், நாலைந்து நாளில் கட்டி மேலே மிதந்து அடியில் மஞ்சள் நிறத் தெளிநீர் நிற்கும். அந்தத் தெளிநீரில் லாக்டிக் பாக்டீரியா நிறைய இருக்கும். மேலே சொன்ன அளவில் இ.எம்.முக்குப் பதிலாக இதைச் சேர்க்கலாம், வாளி வேலைக்குப் போதும்.

வாளியில் எதைப் போடலாம் என்பது நம் சமையலுக்கு ஏற்பப் பார்க்க வேண்டிய விஷயம். இணையத்தில் இருக்கும் ஜப்பானிய, மேல்நாட்டுக் குறிப்புகளில் நம் குழம்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. சாம்பார், ரசம், கறிக்குழம்பு எல்லாவற்றையும் வடிகட்டிச் சக்கையை மட்டும் போடுங்கள். திரவம் சேர்ந்தால் வாளி தோற்கும். சந்தான் (தேங்காய்ப் பால்) பிழிந்த தேங்காய்ச் சக்கை மிக நல்லது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், தவிட்டோடு நன்றாகக் கலக்கும். வாழையிலையை விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும், முழு இலையாகப் போட்டால் நடுவில் காற்று நின்றுவிடும். தேயிலைத் தூள், காப்பிச் சக்கை, முட்டை ஓடு, மீன் முள் எல்லாம் சரி. ஆட்டெலும்பு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், வேண்டாம். டுரியான் தோலும் வேண்டாம். கருவாட்டுத் தலை, ஊறுகாய், உப்பு மீன் இவற்றை அளவோடு போடுங்கள். திறந்த பாத்தியில் கோலாலம்பூர் மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், ஜாடிச் செடியில் உப்பு அங்கேயே தங்கி இலை நுனி கருகும்.

சூடான சோற்றைக் கொட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆவி மூடியில் நீராகி மேல் அடுக்கில் சொட்டும், அங்கேதான் பச்சைப் பூஞ்சணம் தொடங்கும். ஒவ்வொரு முறையும் திறந்து கொஞ்சம் போடுவதைவிட, பகல் முழுக்கச் சேர்ந்ததை ஒரு டப்பாவில் வைத்திருந்து இரவு ஒரே தடவை போடுங்கள். மூன்று, நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கைப்பிடித் தவிடு. தட்டால் அமுக்கி, மேலே மணல் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை வைத்து மூடுங்கள்.

பல வீடு சேர்ந்து செய்யும்போது உண்மையான தலைவலி ரப்பர் பேண்டும் ஸ்டேப்பிள் பின்னும்தான். தே தாரே பொட்டலத்தைக் கட்டிய ரப்பர் பேண்ட், நாசி லெமாக் பொட்டலத்தில் குத்திய பின், பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், டீ பை. வாளியில் இவை கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கங்கோங் கீரையைப் பிடுங்கும்போது வேரோடு சுற்றிக்கொண்டு வரும். களை பிடுங்கும் கைக்குப் பின் குத்தும். இதற்குக் கருவி எதுவும் கிடையாது. வாளியின் மூடியில் ஒரு ரப்பர் பேண்டையும் ஒரு பின்னையும் டேப்பால் ஒட்டி, மேலே பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். நாலு மொழியில் அச்சடித்த நோட்டீஸைவிட இது வேலை செய்யும்.

இனி மண் கணக்கு. நாலு பேர் உள்ள, தினமும் சமைக்கும் வீட்டில் நாளுக்கு முக்கால் கிலோ சேரும் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ வாளி நிரம்ப இரண்டு வாரம் ஆகும். நிரம்பியது புளிக்க இன்னும் இரண்டு வாரம். வாளியை இரண்டிரண்டாக விற்பதன் காரணம் இதுதான், ஒன்று நிரம்பும்போது மற்றது புளிக்கும். ஆக ஒரு வீட்டிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு வாளி மண்ணுக்கு வரும். பள்ளம் 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம். அதில் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அப்படிப் பரப்பினால் ஒரு வாளிக்கு அரை மீட்டர் நீளம் பிடிக்கும். இருபது வீடு என்றால் இரண்டு வாரத்துக்கு 10 மீட்டர்.

புதைத்த இடத்தை இரண்டு வாரம் சும்மா விட வேண்டும். பிறகு ஒரு கீரைப் போகம் எடுத்து, மறுபடி அதே இடத்தைத் தோண்ட எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது எப்போதும் நாலு சுற்றுப் பள்ளம் சுழற்சியில் இருக்கும், 40 மீட்டர். 1.2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம் உள்ள ஒரு பாத்தியில் இரண்டு பள்ளம் ஓடும், 8 மீட்டர். ஆக இருபது வீட்டுக்கு ஐந்து பாத்தி. நடைபாதையையும் சேர்த்தால் சாதாரண இரண்டு கார் நிறுத்தும் இடத்தைவிட அதிகமாக, வெயில் படும் மண் வேண்டும். அது இல்லை என்றால் இருபது செட் வாங்காதீர்கள், இருக்கிற பாத்திக்கு ஏற்ற வீடுகளை மட்டும் சேருங்கள். ஒரு பாத்திக்கு நாலு வீடு.

வாளி மாற்றும் நாள் வாரம் ஒன்று வையுங்கள், சனிக்கிழமை காலை நல்லது. பாதி வீடு இந்த வாரம், மறுபாதி அடுத்த வாரம். நிரம்பிய வாளியைக் கொண்டுவந்து கொடுப்பவர் கழுவிய வாளியும் 400 கிராம் தவிடும் வாங்கிப்போக வேண்டும். மூடிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டினால் எதை இன்று புதைக்கலாம் என்று சண்டை வராது. வாளியைக் கழுவச் சோப்பு வேண்டாம், கழுவிய தண்ணீரைப் பள்ளத்திலேயே ஊற்றுங்கள். காலி வாளிகளையும் மூடிகளையும் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்த ஒரு மூடியில் தேங்கிய மழைநீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் வந்தால் நிர்வாகம் தோட்டத்தையே மூடச் சொல்லும்.

புதைக்கும்போது அடிமண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். அப்படியே அடுக்காக விட்டால் மாதம் கழித்துத் தோண்டும்போது வழவழவென்று அப்படியே இருக்கும். மேலே குறைந்தது 20 சென்டிமீட்டர் மண் ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் எலி ஒரே இரவில் கிளறிவிடும். கோழி வலை எலிக்குத் தாங்காது, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்து, இரண்டு வாரம் கழித்து எடுத்து அடுத்த பள்ளத்துக்கு மாற்றுங்கள். ஒரு பாத்திக்கு ஒரு வலை போதும்.

எலியைவிட மழை அதிகம் கெடுக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் நாலு மணிக்கு இறங்கும் மழை ஒரு மணி நேரத்தில் பள்ளத்தைக் கிணறாக்கிவிடும். நீர் நின்றால் மண்ணில் காற்று போய், புளித்தது அழுகத் தொடங்கும். அந்த வாடைதான் மேல்மாடியிலிருந்து புகார் வரக் காரணம். பாத்தியைத் தரையைவிட ஒரு சாண் உயர்த்துங்கள். சரிவான இடத்தில் பள்ளத்தைச் சரிவுக்குக் குறுக்கே எடுங்கள். அந்த மாதங்களில் முதல் வாரம் ஒரு துத்தநாகத் தகட்டைச் சாய்த்து மூடிவைத்தால் போதும். நம் செம்மண் இயல்பிலேயே புளிப்பு. போகாஷி அதோடு இன்னும் கொஞ்சம் புளிப்பைச் சேர்க்கும், அந்தப் பங்கு இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மண்ணின் புளிப்புக்கு டோலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம், புதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தூவிக் கொத்திவிடுங்கள். அந்தப் பாத்தியில் அது பல மாதம் தாங்கும்.

வடிநீரைப் பற்றி விற்பவர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். என் கணிப்பில் அது ஒரு துணைப்பொருள், அவ்வளவே. ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர், அதாவது ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி. அன்றன்றே பயன்படுத்த வேண்டும், புட்டியில் சேர்த்து வைத்தால் கெட்டு நாறும். வேரில் மட்டும் ஊற்றுங்கள். உண்ணும் கீரையின் இலைமேல் தெளிக்கக் கூடாது, பச்சைக் கழிவிலிருந்து வடிந்த நீர் அது. நாற்றுக்கும் வேண்டாம். செடிக்குத் தேவையில்லாத நாளில் நீர்க்காமல் குளியலறைச் சாக்கடையில் ஊற்றினால் அங்கே படிந்த வழவழப்பு குறையும்.

புதைத்த பாத்தியில் முதல் போகம் கங்கோங் போடுங்கள். நாலு வாரத்தில் அறுவடை, மண் எப்படி வந்திருக்கிறது என்றும் அதிலேயே தெரிந்துவிடும். தண்டுக்கீரையும் சாவிக் கீரையும் அடுத்து. நல்ல பாத்தியில் கங்கோங் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ வரும், அப்படியானால் ஒரு பாத்தியில் ஏழு கிலோ, இருபது வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கட்டு. இரண்டாம் போகத்தில் கத்தரியும் வெண்டையும். பயத்தங்காய்க்கு இந்தப் பாத்தி வேண்டாம், தழைச்சத்து கூடி இலையாக ஏறும், பூ குறையும். வாழையும் பப்பாளியும் எத்தனை வாளி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அடிமரத்திலிருந்து 50, 60 சென்டிமீட்டர் தள்ளிக் குழியெடுத்து ஒரு வாளியைப் புதைத்து, அடுத்த முறை எதிர்ப்பக்கம் புதைக்கலாம். தீபாவளிக்குப் பிறகும் திறந்த இல்ல உபசரிப்புகளுக்குப் பிறகும் வாளி அதிகமாகச் சேரும் வாரங்களில் பாத்தியைத் திணறடிக்காமல் காப்பாற்றுவது நாலு வாழைமரம்தான்.

தரையே இல்லாத இடத்தில் என்ன செய்வது? மூடியுள்ள பெரிய பெட்டியில் ஒரு பங்கு போகாஷிக்கு இரண்டு பங்கு பழைய ஜாடி மண்ணைக் கலந்து, மழைபடாமல் நாலு வாரம் வைத்தால் மண்ணாகிவிடும். ஐந்து வீட்டுக்கு மேல் இது சரிப்படாது, பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே தாக்காகுரா கூடை பொருத்தம். ஜப்பானின் கித்தாக்யூஷூவைச் சேர்ந்த கோஜி தாக்காகுரா 2004ல் இந்தோனேசியாவின் சுராபாயாவுக்காக உருவாக்கிய முறை அது. துணி வைக்கும் துளைக்கூடை, உள்ளே அட்டை, தவிடும் உமியும் புளிக்க வைத்த தாய்க்கலவை. காற்றோடு மக்குவதால் கூடையைத் தொட்டால் சுடும், பள்ளம் வேண்டாம். தினமும் கிளற வேண்டும், குழம்பும் எண்ணெயும் தாங்காது, இரண்டு நாள் விட்டால் பழ ஈ மொய்க்கும். பொறுப்பான ஒருவர் இருக்கும் கூரையடி இடத்துக்கு நல்லது, வேலைக்குப் போய் இரவு பத்து மணிக்கு வரும் குடும்பத்துக்கு வாளிதான் நல்லது. மின்சாரத்தில் ஓடும் ‘கம்போஸ்ட்’ இயந்திரங்களில் பல உணவை உலர்த்தி அரைத்துத் தருகின்றன. அந்தத் தூளை மண்ணில் கொட்டி நனைத்தால் பூஞ்சணம் பூத்து மறுபடி அழுகும். சமூகப் பணத்தில் அதை வாங்க வேண்டாம். சாலையோரத் தூங்குமூஞ்சி மர இலைகளைப் புல் வெட்டுபவர்களிடம் மூட்டையாகக் கேட்டு வாங்கிக் குவித்தால் அதைவிட நல்ல மக்கு செலவில்லாமல் வரும்.

இடத்தைப் பற்றி ஒரு விஷயம். பங்சார் புக்கிட் பண்டாராயாவில் மின்கம்பிகளின் கீழ், 2017 வாக்கில் நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் போல எட்டு ஏக்கர் சரிவு எல்லாருக்கும் வாய்க்காது. பெரும்பாலான குழுக்களுக்குக் கிடைப்பது கால்வாய் ஓரத் துண்டு நிலமோ கார் நிறுத்துமிடத்தின் பின்புறமோதான். அரசு நிலத்துக்கு டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமம் வாங்கினாலும் அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ல் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். அதனால் சிமெண்ட் தொட்டி கட்டிப் பணத்தை மண்ணில் போடாதீர்கள். தூக்கிக்கொண்டு போக முடிகிற வாளிக்கும் கம்பி வலைக்கும் செலவு செய்யுங்கள். டிபிகேஎல் என்ற கோலாலம்பூர் மாநகர மன்றத்துக்கோ குடியிருப்பு நிர்வாகத்துக்கோ கடிதம் எழுதும்போது எலி வலை, கவிழ்த்த வாளி, கூரைத் தகடு மூன்றின் படத்தையும் இணையுங்கள், முதலில் வரும் கேள்விகள் அவற்றைப் பற்றித்தான் இருக்கும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கேமரன் மலையில் காய்கறியைக் கொட்டினார்கள், இங்கே சந்தையில் காய் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் செலாயாங் மொத்தச் சந்தைப் பகுதிக்கே முள்கம்பி வேலி போட்டார்கள். ஐந்து பாத்தி இருபது குடும்பத்துக்கு முழுச் சாப்பாடு போடாது. அந்த மாதிரி ஒரு வாரத்தில் கீரையும் வெண்டையும் கறிவேப்பிலையும் கீழே இறங்கினால் கிடைக்கும் என்பதே பெரிய விஷயம், அதற்காகத்தான் இத்தனை கணக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடைச் செட் ஒன்றே ஒன்று வாங்கி மூடியும் பதமும் எப்படி என்று பழகிக்கொள்ளுங்கள். பிறகு நாலு வீட்டுக்கு எட்டு இரட்டை வாளி, ஒரு மூட்டைத் தவிடு, ஒரு கம்பி வலை, 1.2க்கு 4 மீட்டர் பாத்தி ஒன்று, ஓரத்தில் இரண்டு வாழைக்கன்று. எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங்-ரோயோங் வைத்து ஒரு ஞாயிறு காலையில் பாத்தியை உயர்த்தி, சுண்ணாம்பு தூவிவிடலாம். அதே வாரம் வாளி நிரப்பத் தொடங்கினால், முதல் வாளி பள்ளத்துக்குத் தயாராக நாலு வாரம் இருக்கிறது. முதல் கங்கோங் கட்டு கைக்கு வந்த பிறகு ஐந்தாவது வீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அன்றே இரண்டாவது பாத்திக்கும் கயிறு கட்டுங்கள்.